மானி காட்டிய தூரமும் மதித்த விலையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எதனைப் பற்றி எழுதுவதென யான் நெடுநேரம் தயங்கினேனல்லேன். கல்லூரியின் தொன்மையையும் ஆசிரியப் பெருந்தகைகளின் அருமையையும் எழுத வல்லார் பலர் உளர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரின் முற்பக்கங்களை அணிசெய்யும். யானோ முப்பத்துநான்கு ஆண்டுகள் வங்கியொன்றிலே கடமையாற்றி, பிறர் ஈடு வைக்கக் கொணர்ந்த பொருள்களுக்கு விலை மதித்தே காலங் கழித்தவன். ஓய்வு பெற்ற பின்னரும் அத்தொழில் என்னை விட்டபாடில்லை. மாலை வேளைகளில் அயலவரும் பழைய மாணவரும் விறாந்தையிலே வந்திருந்து, 'இந்த மோட்டார்ச் சைக்கிளுக்கு என்ன விலை தகும்?' என்று வினவுவர். அவருள்ளும் பெருந்தொகையினர் கொண்டுவரும் வினா ஒன்றே: ஊர்தி பழையது, ஆயின் ஓடிய தூரமோ குறைவு. அதற்கு நியாயமான விலையை எங்ஙனம் துணிவது?

பொருள் சிறிதெனக் கருதும் அன்பர்கள் பொறுத்தருள்க. நம் நாட்டிலே நடுத்தரக் குடும்பத்து இளைஞனொருவன் தன் சொந்த உழைப்பினால் வாங்கும் முதற் பெரும்பொருள் பெரும்பாலும் மோட்டார்ச் சைக்கிளாகவே இருக்கின்றது. அதிலே ஏமாற்றமடைந்தவன் பல ஆண்டு சேமித்ததை ஒரு நாளிலே இழக்கின்றான்.

விற்க வருபவர் முதலிலே சுட்டிக்காட்டுவது தூரமானியையே. 'மீற்றரைப் பாருங்கோ, பதினாலாயிரந்தான் ஓடியிருக்குது' என்ற சொல்லோடு பேரம் தொடங்கும். வாங்க வந்தவரும் அவ்விலக்கத்தைக் கண்ட மாத்திரத்தே மயங்குவர். ஓட்டம் குறைந்தால் தேய்வு குறையும், தேய்வு குறைந்தால் விலை கூடும் என்பது அவர் கணக்கு. மூன்று நான்கு ஆண்டு சென்ற ஊர்திக்கு அக்கணக்கு ஓரளவு பொருந்தும். முப்பது நாற்பது ஆண்டு சென்றதற்குப் பொருந்தாது. சில்லு சுழன்ற சுற்றை மாத்திரமே மானி எண்ணுகின்றது. கழிந்த மாரிகளை அஃது எண்ணுவதில்லை. பிஸ்ரனும் பற்சில்லும் செயினும் ஓட்டத்தால் தேய்வன. றப்பரும், சீல்களும், ரயரும், மின்கம்பியின் உறையும், தாங்கியின் உட்புறமும் ஓடினாலும் ஓடாவிடினும் ஆண்டுகளால் மாய்வன. ஆகவே பழைய ஊர்தியொன்றுக்கு இரு வயதுகள் உள. ஒன்றை மட்டும் கேட்டு விலை சொல்வது, ஒருவரின் உயரத்தை மட்டும் அளந்து சட்டை தைப்பதை ஒக்கும்.

முதலிலே, மானி காட்டும் இலக்கம் மெய்தானா என்பதை ஆராய வேண்டும். பழைய ஊர்திகளிலே முன்சில்லின் குடத்திலிருந்து வரும் மெல்லிய கேபிளொன்றே மானியை இயக்குகின்றது. கேபிள் அறுந்தால் மானி உறங்கிவிடும், ஊர்தியோ ஓடிக்கொண்டேயிருக்கும். அறுந்த கேபிளை மாற்றாமலே பல ஆண்டு ஓட்டியவர்களை யான் அறிவேன். அவர்களுள் எவரும் பொய்யரல்லர். சோம்பல் மிக்கவர், அவ்வளவே. ஆயின் அச்சோம்பலின் பயனைப் பின்னாளில் தரகர் அறுவடை செய்வார். அன்றியும், ஐந்து இலக்கம் மாத்திரமே கொண்ட மானி 99,999 கழிந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். மானியையே வேறொன்றாக மாற்றி வைத்தலும் அரிய காரியமன்று.

ஆதலின் யான் மானியைக் கடைசியாகவே பார்ப்பது வழக்கம். முதலிலே பார்ப்பது கால்மிதியின் றப்பரை. பின்னர் பிரேக் மிதி, உதைத்து எழுப்பும் மிதி, கைபிடிகள். உடல் நாள்தோறும் தொட்ட இடங்கள் பொய் சொல்லா. பதினாலாயிரம் கிலோ மீற்றர் ஓடியதாகச் சொல்லப்படும் ஊர்தியின் பிரேக் மிதி வழுவழுப்பாகத் தேய்ந்து, ஓரம் இரும்பு தெரிய நின்றால், யான் வேறு வினா எதுவும் கேளாமல் தேநீரை அருந்திவிட்டு எழுந்துவிடுவேன். சாவியின் பற்கள், செயின் மூடியினுள்ளே பற்சில்லின் கூர், எஞ்சின் மூடியிலுள்ள திருகாணிகளின் தலை ஆகியவற்றையும் பார்த்தல் நன்று. பல கைகள் பலமுறை திறந்த எஞ்சினின் திருகாணித் தலைகள் சிதைந்தே இருக்கும்.

இலக்கம் மெய்யென்று தெளிந்த பின்னர் எழும் வினா, பலரும் கேட்க மறக்கும் வினா: ஏன் இவ்வளவு குறைவாக ஓடியது? வேறு நாடுகளிலே இதற்கு விடை எளிது. உரிமையாளர் செல்வர், ஊர்திகள் பல வைத்திருந்தார், ஞாயிறுதோறும் துடைத்து அழகு பார்த்தார் என்பர். யாழ்ப்பாணத்து ஊர்திகளுக்கு அவ்விடை பொருந்துவது அரிது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின்னர்க் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஆண்டுக்கணக்காக மோட்டார்ச் சைக்கிள்கள் மூலையிலே நின்றன. அன்றேல் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரினுள் சில துளி பெற்றோலை விட்டு, உதைத்து எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய அக்காலத்து வித்தையை இக்கால மாணவர் கேட்டால் கதையென்பர். புகையும் மணமும் எங்கள் சட்டைகளிலே பல ஆண்டு ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெய் உண்ட எஞ்சினிலே கரி மிகப் படியும். எரியாத எண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆதலின் நம்மூரிலே 1990இற்கு முன் பதிவான ஊர்தியொன்று குறைந்த தூரம் ஓடியிருப்பின், அது போற்றி வைக்கப்பட்டதா, முடங்கிக் கிடந்ததா, மண்ணெண்ணெயிலே வதங்கியதா என்று பிரித்தறிதல் வேண்டும். மூன்றுக்கும் மானியிலே ஒரே இலக்கந்தான் தோன்றும்.

முடங்கிக் கிடந்த ஊர்திக்கு நேரும் கேட்டைச் சிறிது விரித்துரைத்தல் தகும். தாங்கியிலே எஞ்சிய பெற்றோல் ஆவியாகிப் பிசினாகும். அப்பிசின் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். தாங்கியின் வெற்றிடத்திலே ஈரம் கட்டிக் கறள் பிடிக்கும். பழைய ஒயிலிலே ஈரமும் புளிப்பும் சேர்ந்து உள்ளுறுப்புக்களை அரிக்கும். பிஸ்ரன் றிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளலும் உண்டு. இதனாலேயே நெடுநாள் நின்ற எஞ்சினைக் கண்டவுடன் ஓங்கி உதைத்தல் பேதைமை. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாகச் சில துளி ஒயிலை விட்டு, ஒரு நாள் பொறுத்து, பின்னர் மெல்லக் கையால் மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். இதற்கு மாறாக, நீங்கள் பார்க்கச் செல்லும்பொழுது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்குமாயின், விற்பவர் எதனையோ மறைக்க முன்னரே எழுப்பி வைத்துள்ளார் என ஐயுறலாம். எஞ்சின் மூடியிலே கையை வைத்துப் பார்த்த பின்னரே பேச்சைத் தொடங்குக.

இனி, இவையெல்லாம் ஒருங்கே வந்து கூடிய நிகழ்ச்சியொன்றைக் கூறுவேன். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் துணைவியார் எனக்கு ஆளனுப்பினார். ஆசிரியர் அதற்கு முந்திய ஆண்டிலே அமரராயினார். பெயரைச் சொல்லாவிடினும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கற்றவர்கள் அவரை அறிந்துகொள்வர். கரும்பலகையிலே வட்டத்தைக் கவராயமின்றி வரைபவர் அவர் ஒருவரே. அம்மையார் மகளோடு வாழ வவுனியாவுக்குச் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. எஞ்சியது விறாந்தையின் கோடியிலே படங்கினால் மூடிக்கிடந்த மோட்டார்ச் சைக்கிள்: ஹொண்டா சி 90, 1986 மார்ச் மாதம் புதிதாக வாங்கியது. அதனை வாங்க விரும்பியவரும் நமது கல்லூரிப் பழைய மாணவரே. பூநகரிப் பக்கத்துப் பாடசாலையொன்றிலே விஞ்ஞான ஆசிரியராகப் புதிதாக நியமனம் பெற்றவர். பேருந்தை நம்பினால் முதற் பாடத்துக்குச் செல்ல இயலாதென்பது அவர் நிலை.

விலையிலே இரு தரப்பும் வெகுதூரம் விலகி நின்றன. கனடாவிலுள்ள மகன், 'அது இப்ப அன்ரிக், குறைஞ்ச மீற்றர், மூன்று இலட்சத்துக்குக் குறையக் குடுக்க வேண்டாம்' என்று தொலைபேசியிலே சொல்லியிருந்தார். தரகரொருவரும் அதற்கு ஒத்தூதியிருந்தார். இளைஞரின் மாமனாரோ, 'நாற்பது வருஷத்து இரும்பு. எண்பதாயிரம் குடுத்தாலே பெரிசு' என்றார். இரண்டையும் கூட்டி நடுவிலே வெட்டினால் 1,90,000 ரூபா. நம்மவர் பலர் இதனையே நியாயமென்பர். யான் அங்ஙனம் கருதவில்லை. நடுவிலே வெட்டும் வழக்கம் உள்ளதென்பதை அறிந்தன்றோ ஒருவர் ஏற்றியும் மற்றவர் இறக்கியும் சொல்கின்றனர்! பொய்கள் இரண்டின் நடுவிலே மெய் இருக்குமென்பதற்கு எந்தக் கணிதமும் உறுதி தராது.

இளைஞரின் கையிலே இருந்தது 2,30,000 ரூபா. அவர் அதனை எனக்கு மட்டும் சொன்னார். அம்மையாருக்கு அப்பணம் எதற்கு வேண்டுமென்பதை அவர் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. மகளின் வீட்டிலே கைவீசிச் சென்று வாழ விரும்பாதவர் என்பது மட்டும் அவர் பேச்சிலே தெரிந்தது.

படங்கை விலக்கிப் பார்த்தேன். கால்மிதி றப்பரிலே வார்ப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. பிரேக் மிதியும் அங்ஙனமே. திருகாணித் தலைகளிலே கறள் இருந்தது, காயம் இல்லை. எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்தன. போர்க்காலத்தில் எஞ்சின் மாறிய ஊர்திகள் நம் பகுதியிலே பலவாதலின், இதனை ஒப்பிடாமல் எவரும் பணங் கொடுத்தலாகாது. இருக்கையை உயர்த்தி, அதன் கீழுள்ள தாங்கியினுள் மின்சூளைப் பிடித்துப் பார்த்தேன். அடியிலே செந்நிறக் கறள். மானி 14,312 என்று காட்டியது.

'அம்மா, இது மெய்யான இலக்கந்தானென்று எப்படி நம்புவது?' என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல் உள்ளே சென்று அப்பியாசக் கொப்பியொன்றைக் கொணர்ந்து என் கையிலே தந்தார்.

கணித ஆசிரியரன்றோ! முதற்பக்கத்திலிருந்து நான்கு நிரல்கள்: திகதி, மானியின் இலக்கம், பெற்றோல் லீற்றர், குறிப்பு. பெற்றோல் அடித்த ஒவ்வொரு நாளும் அதிலே ஒரு வரி உண்டு. ஒயில் மாற்றியதும், பிளக் மாற்றியதும், பழுதான மானிக் கேபிளை மறுநாளே மாற்றியதும் குறிப்பு நிரலிலே இருந்தன. 1990 யூனிலே எழுதிய வரியில் இலக்கம் 9,846. அடுத்த வரிக்குத் திகதி 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிலே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த நாள் அது. இலக்கம் 9,865. பெற்றோல் நிரலிலே ஒரு சிறு கோடு. குறிப்பு நிரலிலே, 'தள்ளிச் சென்றது' என்ற இரு சொற்கள். அதன்கீழ் 1996 மே மாதம், இலக்கம் 9,884, மீண்டும் கோடு, 'தள்ளி வந்தது'.

முன்சில்லு சுழன்றால் மானி எண்ணும். எஞ்சின் இயங்கியதா, ஒரு மனிதன் தோள் கொடுத்துத் தள்ளினானா என்பதை அது கேளாது. இருக்கையிலே அரிசி மூட்டையும், பின்னே உடுப்புப் பெட்டியும், முன்கூடையிலே பிள்ளைகளின் புத்தகங்களுமாகத் தள்ளிச் சென்றதை அம்மையார் சொன்னார். 'மண்ணெண்ணெய் விட மாட்டன் எண்டு நிண்டவர் தம்பி. பழுதாப் போகுமாம். அஞ்சு வருஷம் மிதிசைக்கிளிலதான் பள்ளிக்கூடம் போனவர்' என்றும் சொன்னார். அந்த ஐந்தாண்டுப் பிடிவாதத்தின் பயன் எஞ்சினிலே இருந்தது. எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்து, மேற்சொன்னவாறு ஒயில் விட்டு, ஒரு நாள் பொறுத்து, காபரேற்றரைக் கழுவி, வேறொரு போத்தலிலிருந்து பெற்றோல் கொடுத்து எழுப்பியபொழுது, ஆறாவது உதையிலே எழுந்தது. முதலிலே நீலப்புகை வந்தது. பத்து நிமிடத்திலே தெளிந்தது. சத்தத்திலே பழுதில்லை.

அதன் பின்னர், ஆசிரியர் முழங்கால் நோவினால் உதைக்க இயலாமல் ஓட்டத்தை நிறுத்திய 2012 நவம்பர் வரை வரிகள் இருந்தன. கடைசி வரி 14,312. மானியும் கொப்பியும் ஓரிலக்கமும் பிசகாமல் பொருந்தின.

இத்தகைய சான்று ஆயிரத்தில் ஒன்றுக்கும் இராது. ஆயினும் அன்பு வேறு, விலை வேறு என்பதை அம்மையாருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. வங்கியிலே யாம் ஒரு பொருளுக்கு இரு மதிப்பு எழுதுவோம்: ஒன்று சந்தைப் பெறுமதி, மற்றது நெருக்கடியிலே விற்றால் கிடைக்கும் பெறுமதி. மாமனார் சொன்ன எண்பதாயிரம் இரண்டாவது வகை. வீட்டைப் பூட்டிப் போகும் ஒரு விதவையின் அவசரத்துக்கு இட்ட விலை. மகன் சொன்ன மூன்று இலட்சமோ அரும்பொருளுக்கு உரியது. ஹொண்டா கப் வகை அரும்பொருளன்று. 1958இலே தொடங்கி 2017இலே பத்துக் கோடியைக் கடந்து உற்பத்தியானது அது. உலகிலே அதனினும் மிகுதியாகச் செய்யப்பட்ட மோட்டார் ஊர்தி வேறில்லை. அதன் சிறப்பே எளிமையும் மிகுதியுந்தான்.

ஆகவே சந்தையிலிருந்து தொடங்கினேன். கேட்கும் விலையை யான் கணக்கிலே எடுப்பதில்லை. கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. அவ்வாண்டிலே உண்மையாகக் கைமாறிய அதே வகை ஊர்திகள் மூன்றின் விலையை விசாரித்தேன். 'அவ்வாண்டிலே' என்பதை அழுத்திச் சொல்கின்றேன். 2020இலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர்ப் பழைய ஊர்திகளெல்லாம் விலையேறின. 2022இலே எரிபொருள் பங்கீட்டில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் மாத்திரமே கிடைத்தபொழுது, சிறிதளவு பெற்றோலிலே நெடுந்தூரம் ஓடும் சிறிய ஊர்திகளைப் பலரும் தேடினர். 2025 பெப்ரவரியிலே தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. ஓராண்டின் விலையை மற்றோராண்டிலே சான்று காட்டுவோர் விற்பவராயினும் வாங்குபவராயினும் தமக்கு வாய்ப்பானதையே காட்டுவர். மூன்றையும் ஒப்பிட்டு, சாதாரணமாக ஓடி, ஒழுங்காக இயங்கி, பத்திரங்கள் சரியாக உள்ள சி 90இற்கு 2,00,000 ரூபா தகுமெனக் கொண்டேன்.

அடுத்தது, இதனை அந்நிலைக்குக் கொணர ஆகும் செலவு. இங்கேதான் அம்மையார் சற்று வருந்தினார். 'ரயர் தேயேல்லையே தம்பி, புதுசு மாதிரித்தானே இருக்குது' என்றார். உண்மைதான், மேற்புறத்துக் கோடுகள் ஆழமாகவே இருந்தன. ஆயின் ரயரின் பக்கச்சுவரிலே அது செய்யப்பட்ட காலத்தைக் குறிக்கும் இலக்கங்கள் உள. 2000ஆம் ஆண்டிலிருந்து அவை நான்கு: முன்னிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. அதற்கு முன் மூன்றே. இந்த ரயர்களிலே இருந்தவை மூன்று இலக்கங்கள். 1997இலே மாற்றியதாகக் கொப்பியும் சொல்லிற்று. விரலால் வளைத்துப் பார்த்தால் பக்கச்சுவரிலே மயிரிழை போன்ற வெடிப்புக்கள் வாய் திறந்தன. சங்குப்பிட்டிப் பாலத்திலே கடற்காற்று குறுக்கே அடிக்க, காலை ஏழு மணிக்கு விரைந்து செல்லும் ஓர் இளைஞன் இந்த ரயர்களின் மேல் செல்வதை யான் எண்ணிப் பார்த்தேன். ரயரின் செலவை விலையிலே கழிக்காவிடின், கையிலே மிஞ்சும் பணம் போதாமல் அவர் அவற்றையே மாட்டிக்கொண்டு போவார். 1,90,000 என்று நடுவிலே வெட்டியிருந்தால் நேர்ந்திருப்பது இதுவே: மிச்சம் நாற்பதாயிரம், பழுது நீக்கப் போதாது.

மெக்கானிக் சொன்ன கணக்கை அம்மையார் முன்னிலையிலேயே எழுதினேன். ரயர் இரண்டும் ரியூபும் 17,000, பற்றரி 5,500, தாங்கியும் காபரேற்றரும் சீராக்க 9,000, பிரேக்குக்கும் கேபிள்களுக்கும் 6,500, இறுகிப்போன சீல்களுக்கும் றப்பர்களுக்கும் 7,000, கூலி 10,000. ஆக 55,000. நிலுவையான வரிப்பத்திரக் கட்டணம் விற்பவரைச் சாரும் என்றேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இனிக் குறைந்த ஓட்டத்துக்கு என்ன கூட்டுவது? இதனை மனம்போனவாறு கூட்டுதல் தகாது. குறைந்த தேய்வு வாங்குபவருக்கு எந்தச் செலவை மிச்சப்படுத்துகின்றது என்று கேட்பதே என் வழக்கம். அந்த மூன்று ஊர்திகளையும் போல எழுபது எண்பதாயிரம் ஓடியதாயின், சில ஆண்டுகளிலே பிஸ்ரனும் றிங்கும் மாற்றிச் சிலிண்டரைக் கடைய வேண்டிவரும், ஏறத்தாழ நாற்பதாயிரம். இவ்வூர்திக்கு அச்செலவு நெடுநாள் வாராது. ஆயின் பன்னிரண்டாண்டு நின்ற எஞ்சினிலே வேறேதும் ஒளிந்திருக்கக் கூடுமாதலின், அதிலே பாதியையே கூட்டினேன். 2,00,000இலே 55,000 கழித்து 20,000 கூட்ட, 1,65,000 ரூபா.

அம்மையார் தாளை நெடுநேரம் பார்த்தார். 'அவர் வைச்சிருந்த கவனத்துக்கு ஒண்டும் போடேல்லையோ தம்பி?' என்றார்.

'அந்த இருபதினாயிரம் அதுதான் அம்மா' என்றேன். அவர் மண்ணெண்ணெய் விடாமல் வைத்திருந்ததும், கேபிளை மறுநாளே மாற்றியதும், கொப்பி எழுதியதும் இல்லையாயின், அந்த இலக்கத்தை யான் நம்பியிருக்க மாட்டேன். ஒரு சதமும் கூட்டியிருக்க மாட்டேன். தள்ளிச் சென்ற பத்தொன்பது கிலோ மீற்றருக்கு விலையிட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் அதனை அந்தப் பையனிடம் வாங்குவது முறையன்று என்றேன். அவர் தலையசைத்தார். மகனுக்குத் தொலைபேசியிலே அவரே பேசினார். என்ன சொன்னாரென்பது எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது.

இளைஞரிடமும் அதே தாளை அப்படியே காட்டினேன். இருவருக்கும் காட்ட இயலாத கணக்கை ஒருவருக்கும் காட்டலாகாது. அவர் பேரம் பேசவில்லை. மாமனார் மாத்திரம், பத்தாயிரமாவது குறைக்கலாகாதா என்று முணுமுணுத்தார். அஃது அவர் கடமை போலும்.

ஆயின் எதிர்பாராத இடையூறு ஒன்று எழுந்தது. அந்தக் கொப்பி யாருக்கு உரியது? விலையின் நியாயப்படி அது ஊர்தியோடு செல்ல வேண்டும். கொப்பி இல்லையேல் 14,312 என்பது கண்ணாடிக்குள்ளே நிற்கும் ஐந்து இலக்கங்கள் மாத்திரமே. பின்னாளில் இளைஞர் அதனை விற்க நேர்ந்தால், அவர் சொல்லை எவர் நம்புவர்? அவர் கொடுக்கும் பணத்திலே ஒரு பகுதி அக்கொப்பிக்கே என்று யானே சற்று முன் சொல்லியிருந்தேன். அம்மையாரோ அதனை மடியிலே வைத்தபடி இருந்தார். அவருடைய கையெழுத்து வேறெங்கும் இவ்வளவு இல்லை என்றார். இருபதினாயிரத்தைக் கழித்துவிடும்படியும் சொன்னார். அது நியாயமன்று, தேய்வு குறைந்த எஞ்சின் கொப்பி போனாலும் தேய்வு குறைந்ததாகவே இருக்கும்.

தீர்வைச் சொன்னவர் இளைஞரே. 'அம்மா, கொப்பி உங்களிட்டயே இருக்கட்டும். நான் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுறன். கடைசிப் பக்கத்தில நீங்களும் சேரும் கையெழுத்து வைச்சுத் தாங்கோ' என்றார். சந்தியிலுள்ள கடையிலே எல்லாப் பக்கங்களையும் பிரதி செய்தோம். அம்மையாரும் யானும் திகதியிட்டுக் கையொப்பமிட்டோம். உரிமையாளர் அமரராயினமையால் மரணச் சான்றிதழும் பிள்ளைகளின் சம்மதக் கடிதங்களும் வந்து சேர ஏழு கிழமை சென்றது. அதுவரை கையெழுத்திட்ட வெறும் பத்திரத்தோடு ஊர்தியை எடுத்துச் செல்லுமாறு தரகர் தூண்டினார். யான் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பெயர் மாறாத ஊர்தியினால் விபத்தோ வழக்கோ நேரின், வவுனியாவிலே இருக்கும் ஒரு முதிய பெண்மணியின் வாயிலிலே அழைப்பாணை வந்து நிற்கும். எழுத்துவேலை முற்றும்வரை முற்பணமாக 25,000 ரூபா கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டார்கள்.

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் இளைஞர் மீதிப் பணத்தைக் கொடுத்து ஊர்தியை எடுத்தார். பழைய ரயர்களோடு ஓட்ட வேண்டாமென யான் சொல்லியிருந்தமையால், கராஜ் வரை ஒன்றரைக் கிலோ மீற்றர் தூரத்தைத் தள்ளியே சென்றார். அம்மையார் படலை வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார். புதிய ரயர்கள் பூட்டி, பழுது நீக்கி, நான்காம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்தபொழுது மானியைப் பார்த்தேன், 14,317 என்றிருந்தது. சட்டைப் பையிலே சிறிய கொப்பியொன்று வைத்திருந்தார்.